விரலாற் கேட்ட இதயம்

எழுத்துத் தடுமாறும் மாணவனை மந்தன் என்று பின் வாங்கில் இருத்திவிடும் வழக்கம் எங்கள் வஹகோட்டைப் பக்கத்திலும் உண்டு. அவ்வழக்கமுடையார் ஹெலன் டௌசிக் அம்மையாரைப் பற்றி அறிதல் நன்று.

1898இல் அமெரிக்காவிற் பிறந்த இவ்வம்மையார்க்கு இளமையில் எழுத்துகள் மயங்கின. ஹார்வர்டுப் பேராசிரியரான தந்தையார் உடனிருந்து பொறுமையோடு கற்பித்தார். மருத்துவரான பின் செவிப்புலனும் குன்றியது. குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே இதயத்தின் ஒலியை உணரப் பழகினார். நாடி பார்க்கும் நம் வைத்தியர்க்கு இது வியப்பன்று.

பால்ட்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் நோக்கிவந்தார். கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து நிற்கும் சிறு குழாய், பிறந்தபின் இயல்பாக மூடிக்கொள்ளும். அது மூடியதும் இக்குழந்தைகள் நலிந்தன. நுரையீரலுக்குக் குருதி போதவில்லை. மூடியதற்கு ஈடாக வேறொரு வழி அமைக்கலாகாதா?

வினா அம்மையாருடையது. நாய்களிற் சோதித்து முறையை வகுத்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின ஆய்வுகூட உதவியாளர். 1944 நவம்பர் 29இல் கத்தி ஏந்தியவர் ஆல்பிரட் பிளேலாக். அறுவையின் பெயரில் தாமசுக்கு நெடுங்காலம் இடமில்லாமற் போனது நெஞ்சை உறுத்துகிறது.

அன்று அறுவை பெற்ற பெண்குழந்தை சில திங்களே வாழ்ந்தது. ஆயினும் 1945இல் மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் நீல உதடுகள், அறுவை மேசையிலேயே சிவந்தன.