வெந்நீரில் ஒரு டையோடு

குறைகடத்திப் பாடம் நடத்தும்போது, சிலிக்கன் டையோடின் குறுக்கே 0.7 வோல்ட் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். அந்த 0.7 மாறாத எண் அன்று. ஒரே அளவு மின்னோட்டம் பாயும்போது, டையோடு ஒவ்வொரு டிகிரி சூடேறுகையிலும் அது சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது.

இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு 1என்4007 டையோடு, டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பநிலைமானி, ஒரு டம்ளர் வெந்நீர் போதும். டையோடின் கால்களில் நீண்ட கம்பிகளைப் பற்றவைத்து, நீர் புகாதபடி பாலித்தீனில் சுற்றி, மல்டிமீட்டரை டையோடு சோதனை நிலையில் வையுங்கள். அறை வெப்பநிலையில் 0.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும் அளவு, 70 டிகிரி நீரில் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் இறங்கும். நீர் ஆற ஆற எண் மெல்ல ஏறும். மாணவர்களே குறித்து வரைபடம் போடட்டும். கோடு நேராகவே வரும்.

"இவ்வளவுதானா சார்?" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். டிரான்சிஸ்டரின் அடிவாய்-உமிழ்ப்பான் சந்தியும் இப்படி ஒரு டையோடே. அதற்குத் தரும் மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தால், சுமார் 10 டிகிரி சூடு கூடும்போது ஏற்பான் மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிடும். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மின்னோட்டம் இன்னும் கூடும். தடுக்காவிட்டால் டிரான்சிஸ்டர் எரிந்துபோகும்.

2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலின் அளவு. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கோடைத் திருவிழாவில் தகரப் பந்தலின் கீழ் மணிக்கணக்கில் பாடும் மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் பெட்டிக்குள் இன்னும் அதிகம். அது எப்படித் தாங்குகிறது?

பழுது பார்க்கும் கடையில் ஓடாத பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கேட்டு வாங்கி மாணவர்களிடம் கொடுங்கள். அலுமினியத் துடுப்புகளின் மேல் பெரிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும். பல மாதிரிகளில் அதே அலுமினியத்தைத் தொட்டபடி ஒரு சிறு டையோடோ சிறு டிரான்சிஸ்டரோ இருக்கும். பெரியவற்றின் அடிவாய்க்குப் போகும் மின்னழுத்தத்தை நிர்ணயிப்பது இந்தச் சிறியதுதான். அவை சூடானால் இதுவும் சூடாகும். இதன் மின்னழுத்தம் இறங்கும். அவற்றின் மின்னோட்டமும் அடங்கும். நோயையே மருந்தாக்கிய வேலை!

பழுது பார்ப்பவர் இதை அலுமினியத்திலிருந்து விலக்கித் தொங்கவிட்டால், சுற்றுப்படத்தின்படி இணைப்பு சரியாகவே இருக்கும். மேசையில் நன்றாகப் பாடும். திருவிழா இரவில் எரியும். எந்தப் பாகம் எதைத் தொட வேண்டும் என்பது சுற்றுப்படத்தில் தெரிவதில்லை. ஐடிஐக்குப் போகப்போகும் மாணவர்கள் கையால் தொட்டே இதை அறிய வேண்டும்.

உமிழ்ப்பானோடு சேர்க்கும் சிறு மின்தடையும் இதே காவலைச் செய்யும்: மின்னோட்டம் கூடினால் அதன் குறுக்கே மின்னழுத்தம் கூடி, சந்திக்குக் கிடைப்பது குறையும். ஆனால் அந்த மின்தடையிலேயே கொஞ்சம் திறன் வீணாகும். அதனால் பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள்.