மீட்டருக்கு அப்பால்: மின் கம்பி அமைப்பு விதிகளும் வீட்டுப் பாதுகாப்பும்

மின் இணைப்பு பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் ஒரு எல்லைக்கோடாக அமைந்துள்ளது. கம்பத்திலிருந்து மீட்டர் வரையுள்ள கம்பிக்கு மின் வழங்கும் நிறுவனம் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் உள்ள கம்பி அமைப்புக்கு நுகர்வோர் பொறுப்பு. பொறியியல் அறிவும் அலுவலர்களும் கருவிகளும் கோட்டின் ஒரு புறத்தில் உள்ளன. மறுபுறத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு குடும்பமும், அது அழைத்து வரும் வயர்மேனும்தான். நாட்டின் மின் பாதுகாப்பு விதிகளைப் புரிந்துகொள்ள இந்த ஏற்றத்தாழ்விலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

2017 செப்டம்பரில் தொடங்கப்பட்ட சௌபாக்கியா திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2.8 கோடி வீடுகள் மின் இணைப்பு பெற்றன. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கம்பி, மீட்டர், ஒரே ஒரு விளக்குக்கான கம்பி அமைப்பு ஆகியவை இலவசமாக வழங்கப்பட்டன. இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2019, 2020 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 12,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழந்துள்ளனர். மின்சாரம் புதிய வீடுகளுக்குப் பரவும்போது அதைக் கையாளும் ஒழுங்குமுறையும் உடன் சென்று சேர வேண்டியுள்ளது.

இந்த ஒழுங்குமுறை மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது சட்டம். 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டமும், அதன் கீழ் வகுக்கப்பட்ட 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. பின்னர் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அவற்றின் இடத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் 53ஆம் பிரிவு, பாதுகாப்பு நடவடிக்கைகளை வகுக்கும் பொறுப்பை மத்திய மின்சார ஆணையத்திடம் ஒப்படைத்தது. இரண்டாவது அடுக்கு ஆணையம் 2010இல் வெளியிட்ட விதிமுறைகள். இவற்றுக்குப் பதிலாக 2023இல் புதியவை வந்தன. மூன்றாவது அடுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தர ஏடுகள். கம்பி அமைப்புக்கு ஐ.எஸ். 732, நில இணைப்புக்கு ஐ.எஸ். 3043, இவை போன்ற பலவற்றின் சாரத்தை ஒருங்கே தரும் தேசிய மின் நெறித்தொகுப்பு ஆகியன இதில் அடங்கும். இத்தொகுப்பு முதன்முதலில் 1985இல் வெளியாயிற்று. தர ஏடு தானாகச் சட்டமாகிவிடாது. விதிமுறை அதைச் சுட்டி நிற்கும்போதே அது கட்டாயமாகிறது. மாணவர்கள் பலரும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதுண்டு.

விதிகளின் நோக்கம் புரிந்தால் அவற்றின் வாசகம் கடினமாகத் தோன்றாது. எடுத்துக்காட்டாக, சுவிட்சும் ஃபியூஸும் 'ஃபேஸ்' கம்பியில்தான் அமைய வேண்டும். நியூட்ரல் கம்பியைத் தனியே துண்டிக்கும் எதையும் பொருத்தக் கூடாது. துண்டிப்பதாயின் இரு கம்பிகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட வேண்டும். சுவிட்சு நியூட்ரலில் இருந்தாலும் விளக்கு அணையும். ஆனால் விளக்குப் பிடிப்பானில் முழு மின்னழுத்தமும் அப்படியே நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பை மாற்ற முற்படுபவர் அதைத் தொடுகிறார். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை ஃபேஸ் கம்பிகளுக்கும், கறுப்பு நியூட்ரலுக்கும், பச்சை நில இணைப்புக்கும் என வழங்கிவரும் நிற வழக்கம், அடுத்து வரும் வயர்மேனுக்கு முன்னவர் விட்டுச்செல்லும் குறிப்பாகும். கையில் கிடைத்த நிறத்தில் கம்பி இழுப்பது அக்குறிப்பை அழிப்பதற்கு ஒப்பாகும்.

மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது நில இணைப்பே. கம்பி அமைப்பில் சிக்கனம் செய்ய விரும்புவோர் முதலில் கைவைப்பது இந்த மூன்றாவது கம்பியில்தான். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுழலும். குறை கண்ணுக்குத் தெரியாது. மும்முனைப் பிளக்கில் மேல் முனை நீளமாக அமைந்திருப்பது தற்செயலன்று. சாதனத்தின் உலோக உடல் நிலத்தோடு இணைந்த பின்னரே மின்சாரம் அதை அடைய வேண்டும். பிரிக்கும்போது நில இணைப்பு கடைசியாக விலக வேண்டும். அம்முனையை ஒடித்துவிட்டு இருமுனைத் துளையில் செருகும் வழக்கம் இந்த ஏற்பாட்டை முற்றிலும் பயனற்றதாக்குகிறது. முன்னாளில் இரும்புத் தண்ணீர்க் குழாயோடு கம்பியைச் சுற்றி நில இணைப்பு எனக் கொண்டதும் உண்டு. அது அன்றும் முறையானதன்று. பிளாஸ்டிக் குழாய்கள் வந்துவிட்ட இந்நாளில் அதற்குப் பொருளே இல்லை.

ஃபியூஸ் இருக்கும்போது அச்சம் ஏன் என்று கேட்கப்படுவதுண்டு. ஒரு சிறு கணக்கு விடை தரும். வீட்டின் மின்னழுத்தம் 230 வோல்ட். இஸ்திரிப் பெட்டியின் உள்ளே கம்பி உரசி, அதன் உலோக உடலில் மின்சாரம் பாய்வதாகக் கொள்வோம். நில இணைப்புப் பாதையின் மொத்தத் தடை 20 ஓம் எனில், பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது. இஸ்திரிப் பெட்டி மின்னேற்றத்துடனேயே நிற்கும். ஈரக் கையுடன் அதைத் தொடுபவரின் உடல் தடை 2,000 ஓம் எனக் கொண்டால், உடலில் நூறு மில்லி ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயக்கூடும். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். ஃபியூஸ் பார்ப்பது ஆம்பியர்களை. உயிர் போவதோ அதன் சிறு பின்னத்தில். ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று. உருகிய ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் கம்பிக்கும் காப்பு இல்லாமற் போகிறது.

மனிதரைக் காப்பதற்கு ஏற்பட்டதே ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். ஃபேஸில் சென்ற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இல்லையெனில், வேறுபாடு எங்கோ கசிகிறது என்று அறிந்து அது நொடியின் சிறு பகுதியில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வீடுகளுக்கு அதன் வரம்பு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படலாகாது என 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் சிறு இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் 250 வோல்ட்டுக்கு மேற்படாத, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த இணைப்புகளை விலக்கின. பின்னர் இவ்வரம்பு 2 கிலோவாட்டாகத் தாழ்த்தப்பட்டது. செலவைக் கருதினால் விலக்கின் காரணம் விளங்கும். ஆயினும் அதன் விளைவையும் நோக்க வேண்டும். ஒற்றை விளக்கு இணைப்பு பெற்ற ஏழைக் குடும்பங்களின் சுமை பெரும்பாலும் இந்த வரம்புக்கு மிகவும் கீழே உள்ளது. மண் தரையும் தகரக் கூரையும் ஈரச் சுவரும் கொண்ட வீடுகளே இக்கருவியின் கட்டாயத்திலிருந்து விடுபடுகின்றன. ஆபத்தை அளப்பதற்குக் கிலோவாட் சரியான அளவுகோல்தானா என்பது சிந்தனைக்குரியது.

மேலும், ஒற்றை விளக்கு ஒற்றை விளக்காகவே நின்றுவிடுவதில்லை. முதலில் ஒரு மின்விசிறி, பிறகு தொலைக்காட்சி, கோடையில் குளிர்விப்பான், சில இடங்களில் தண்ணீர் மோட்டார் என அதே மெல்லிய கம்பியிலிருந்து கிளைகள் பிரிகின்றன. ஒரு விளக்குச் சுற்றில் பத்து முனைகளுக்கு மேலாகாது, மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்டலாகாது என்பது ஐ.எஸ். 732இன் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்த அளவு. எல்.இ.டி. விளக்குகளால் விளக்குச் சுமை பெரிதும் குறைந்துவிட்டது உண்மை. அந்தச் சேமிப்பை வேறு சாதனங்கள் விழுங்கிவிடுகின்றன.

விதிகளை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு? கம்பி அமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இணைப்புத் தருமுன் மின்காப்புத் தடை 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். கசிவு அபாயம் இருப்பின் மின் நிறுவனம் இணைப்பை மறுக்கலாம். மறுப்பின் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். நடைமுறையில் சோதனை அறிக்கை, கருவியைக் காணாமலே கையொப்பம் பெறும் ஒரு தாளாகிவிடும் நேர்வுகள் அரிதல்ல. மின் ஆய்வாளர்களின் கவனமோ உயர் அழுத்த அமைப்புகளின்பாலே செல்கிறது. குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழ்ப்பட்டவற்றை உரிமையாளரே சான்றளிக்கலாம் என்ற ஏற்பாடு, விவரம் அறிந்த தொழிற்கூடத்துக்குப் பொருந்தும். கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது எவ்வாறு பொருந்தும்?

நுகர்வோருக்குச் சாதகமான, ஆனால் அதிகம் அறியப்படாத விதி ஒன்று உண்டு. மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், நுகர்வோரின் பயனுக்காக, எளிதில் எட்டும்படி ஒரு நில இணைப்பு முனையை மின் நிறுவனமே அமைத்துப் பராமரிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளில் 33ஆம் விதியாக இருந்த இக்கடமை 2010ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் தொடர்ந்தது. அமைக்கும் செலவை நுகர்வோரிடமிருந்து பெற்றுக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அமைக்காமலே விட்டுவிட உரிமை இல்லை.

2021இல் தொடங்கப்பட்ட மின் வினியோகச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ், 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவது இலக்காகக் கொள்ளப்பட்டது. இதற்காகப் பணியாளர் ஒருவர் வீட்டு வாயிலுக்கு வந்து, மின்சாரத்தை நிறுத்தி, பழைய மீட்டரைக் கழற்றுகிறார். அச்சமயத்தில் நில இணைப்பு முனை உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் குறித்துக்கொண்டு, மின்காப்புத் தடையை ஒருமுறை அளப்பதற்குச் சில நிமிடங்களே கூடுதலாகத் தேவைப்படும். இவ்வேலையை மீட்டர் பொருத்தும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகச் சேர்ப்பது மாநில மின் நிறுவனங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதேயாகும்.