கப்பலில் கார்டு தேய்க்கும்போது ரூபாயா, டாலரா?

எண்ணெய், சோப்பு, சிமெண்ட், பெயிண்ட் என்று எந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டாலும், ஆண்டு இலக்கை முடித்துக் கொடுத்த ஸ்டாக்கிஸ்டுகளை வெளிநாட்டுச் சுற்றுலா அழைத்துச் செல்வது வாடிக்கையாகிவிட்டது. சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு நாட்கள் கடலில் சுற்றி வரும் சொகுசுக் கப்பல் பயணமும் இப்போது இதில் சேர்ந்துகொண்டது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பகுதிகளிலிருந்து குடும்பத்துடன் செல்லும் வணிகர்களும் உண்டு. டிக்கெட், அறை, பொதுச் சாப்பாடு ஆகியவை கம்பெனி செலவு. கரையில் ஊர் சுற்றிப் பார்ப்பது, குழந்தைகள் கேட்பது, போட்டோ, தொலைபேசி இணைப்பு, கடையில் வாங்கும் சாமான் எல்லாம் நம் செலவு. இந்த இரண்டாவது கணக்கில்தான் நம்மவர்கள் பலருக்குத் தெரியாமலே ஒரு தொகை கழிந்துபோகிறது.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் நம் ஊர் வங்கியின் கிரெடிட் கார்டை மிஷினில் வைத்தவுடன், அது இந்தியக் கார்டு என்று மிஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த ஊர்ப் பணத்தில், மற்றொன்று நம் ரூபாயில். "எதில் செலுத்துகிறீர்கள்?" என்று கேட்கும். ரூபாய்க் கணக்கு கண்ணுக்குப் பழகியது, எவ்வளவு என்று உடனே புரிகிறது என்று பலரும் ரூபாயைத் தொட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு தொடுதலில், டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை விற்பவர் தரப்பிடமே ஒப்படைத்துவிடுகிறோம். இதற்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டி.சி.சி., என்று பெயர். அவர்கள் போடும் மாற்று விலையில் 3 முதல் 6 சதவீதம் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், லாபம் ஏற்றப்பட்டிருக்கும். இந்த லாபத்தில் மிஷின் கொடுத்த வங்கிக்கும் டி.சி.சி. நடத்தும் கம்பெனிக்கும் பங்கு உண்டு. கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகிறது. கவுண்டரில் இருக்கும் பெண் "ரூபாயிலேயே போட்டுவிடட்டுமா சார்" என்று சிரித்த முகத்துடன் கேட்பது எதற்காக என்பது வியாபாரம் செய்யும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கல்வராயன் மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. கிழங்குக்கு விலை வெறும் எடைக்கு அல்ல. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. மூட்டைக்கு என்ன விலை என்று வெளியில் பேசிக்கொண்டாலும், பாயிண்ட் பார்ப்பது வாங்குபவர் இடத்தில், வாங்குபவர் கருவியில் என்றால் விவசாயிக்கு மனக்குறை வராமல் இருக்காது. விலையும் அவர், அளவும் அவர். டி.சி.சி.யும் இந்த வகைதான். சரக்கின் விலையைச் சொல்பவரே, நம் ரூபாயின் மதிப்பையும் சொல்லிவிடுகிறார்.

சிங்கப்பூர் செரங்கூன் சாலையில் நம் தமிழ் வணிகர்கள் நடத்தும் பணமாற்றுக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேறுபாடு புரியும். அங்கே இன்றைய விலை போர்டில் இருக்கும். பக்கத்துக் கடையில் விசாரிக்கலாம், பெரிய தொகை என்றால் பேசிப் பார்க்கலாம். 'ரஜூலா' கப்பலிலும் அதன்பின் 1985-ல் தீவிபத்துக்கு உள்ளான 'சிதம்பரம்' கப்பலிலும் சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் சென்று வந்த நம் முந்தைய தலைமுறை வணிகர்கள், நாலு கடை விசாரித்துத்தான் பணம் மாற்றியிருப்பார்கள். மிஷின் திரையில் பேரம் கிடையாது. மறுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த மறுக்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. வாடிக்கையாளரைக் கேட்காமல் அவர் நாட்டுப் பணத்தில் மாற்றக் கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் விதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். செலவு 500 டாலர். அசல் மதிப்பு 32,500 ரூபாய்.

டாலரிலேயே கொடுத்தால், மாற்றுவது விசா அல்லது மாஸ்டர்கார்டு. அவர்கள் விலை சந்தை விலையை ஒட்டியே இருக்கும். அதன்மேல் நம் வங்கி அன்னியச் செலாவணி மார்க்கப் என்று ஒரு கட்டணம் போடும். பெரும்பாலான சாதாரணக் கார்டுகளில் இது 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 1,137.50, அதற்கு வரி 204.75. மொத்தம் சுமார் 33,842 ரூபாய்.

ரூபாயில் கொடுத்தால்? மிஷின் 5 சதவீதம் ஏற்றியிருந்தால் அங்கேயே 34,125 ஆகிவிடுகிறது. "ரூபாயில் கொடுத்துவிட்டோம், இனி வங்கி மார்க்கப் கிடையாது" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கடை வெளிநாட்டில் பதிவானது என்பதால், ரூபாயில் வந்த பில்லுக்கும் சில வங்கிகள் தனியாக 1 சதவீதமும் வரியும் போடுகின்றன. அப்படியானால் 34,528. முழு மார்க்கப்பையும் போடும் கார்டாக இருந்தால் 35,534 வரை போகும். வித்தியாசம் 686 ரூபாயிலிருந்து 1,692 ரூபாய் வரை. ஒரு மூட்டை சர்க்கரை விற்றால் கையில் நிற்பது எவ்வளவு என்பதை நினைத்துப் பார்த்தால் இது எத்தனை மூட்டைக்குச் சமம் என்று தெரியும்.

சிலர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். வங்கி வரியோடு 4.13 சதவீதம் வாங்குகிறது, மிஷின் 3 சதவீதம்தான் ஏற்றுகிறது என்றால் ரூபாயே லாபம் அல்லவா? மேலே சொன்ன 1 சதவீதத்தையும் வரியையும் சேருங்கள். 33,870 ரூபாய் வருகிறது. அதாவது மிகக் குறைவாக ஏற்றும் மிஷினிலும் 28 ரூபாய் நஷ்டம். மார்க்கப் 2 சதவீதம் மட்டுமே உள்ள கார்டு கையில் இருந்தால் டாலரில் 33,267 ரூபாயோடு முடிந்துவிடும். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் உண்டு. நம் கார்டில் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே வங்கியில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் ரூபாயில் வரும் பில்லுக்கு என்ன கட்டணம் என்றும் தனியாகக் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊழியர், இரண்டாவதைத் தாமாகச் சொல்ல மாட்டார்.

கப்பலில் கேள்வியே வராது

கரையில் உள்ள கடையிலாவது திரை கேட்கிறது. கப்பலில் நடைமுறை வேறு. ஏறும் அன்றே நம் கிரெடிட் கார்டை ஒரு முறை பதிவு செய்துகொண்டு, அறைச் சாவியாகவும் பற்று அட்டையாகவும் ஒரே அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் காபியா, சட்டையா, ஊர் சுற்றும் பஸ்ஸா, எல்லாம் அந்த அட்டையில் பற்று. நம் மளிகைக் கடையின் மாதாந்திரப் பற்று நோட்டு மாதிரி. ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணியாளர் அன்பளிப்பும் பல கப்பல்களில் தானாகவே இந்தக் கணக்கில் ஏறும். கடைசி நாள் இரவு மொத்தத்தையும் கூட்டி, பதிவு செய்த கார்டில் ஒரே தொகையாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம், அல்லது பெட்டியை அடுக்கிக்கொண்டிருப்போம்.

சில கப்பல் கம்பெனிகள் இந்தக் கடைசிக் கணக்கை, வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, கார்டு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுப் பணத்துக்குத் தாமாகவே மாற்றிவிடுகின்றன. டிக்கெட் பதிவின்போது நாம் "சம்மதம்" என்று தட்டிய பக்கங்களில் இது எழுதப்பட்டிருக்கும். யார் படித்தார்கள்? எனவே ஏறிய அன்றே கப்பலின் விருந்தினர் சேவைக் கவுண்டருக்குச் சென்று, "என் கணக்கைக் கப்பலின் பணத்திலேயே முடியுங்கள், ரூபாயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். படிவம் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு ஒரு நகலோ போட்டோவோ வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை மீண்டும் ஒரு முறை போய் இடைக்காலப் பில் வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்த நேரத்தில் வரிசை இருக்காது. கடைசிக் காலையில் நீண்ட வரிசை நிற்கும்.

கப்பலின் பணம் எது என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஏறுகிறோம், ஆகவே சிங்கப்பூர் டாலர் என்று நினைத்துவிடக் கூடாது. சில கப்பல்களில் சிங்கப்பூர் டாலர், சிலவற்றில் அமெரிக்க டாலர். அமெரிக்க டாலர் கப்பலுக்கு சிங்கப்பூர் டாலரை ரொக்கமாகக் கொண்டு சென்றால், ரூபாயிலிருந்து ஒரு முறையும் அங்கிருந்து மறுமுறையும் மாற்றி இரண்டு தரகு கொடுத்தவர்களாவோம். சுற்றுலா ஏஜெண்டிடம் வாங்கும் பணமாற்று அட்டைக்கும் இதே கணக்குத்தான். எந்தப் பணத்தில் ஏற்றினோமோ அந்தப் பணத்தில் செலவு நடந்தால்தான் லாபம்.

பதிவுக்கு டெபிட் கார்டைக் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. செலவுக்கு ஈடாக அவ்வப்போது ஒரு தொகையைக் கப்பல்காரர்கள் நிறுத்தி வைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது வரம்பில்தான் குறையும். டெபிட் கார்டில் நம் சொந்தப் பணமே முடங்கி, கணக்கு முடிந்த பின்னும் விடுபடச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் லாரி வாடகைக்கும் ஆலைக்கும் கொடுத்த செக் வந்து நிற்கும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூன் மாதம் தமிழக முதல்வர் தொடங்கி வைத்த சொகுசுக் கப்பல் பயணத்தைப் பலர் அறிவார்கள். அதே 'எம்பிரஸ்' கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றது. இத்தகைய இந்தியக் கம்பெனி பயணங்களில் கப்பல் கணக்கு ரூபாயிலேயே நடந்தால் டி.சி.சி. என்ற பேச்சே இல்லை. ஆனால் இறங்கும் ஊரில் உண்டு. இலங்கையில் இன்னொரு குழப்பம், அவர்கள் பணமும் ரூபாய்தான். மிஷினில் "ரூபாய்" என்று மட்டும் பார்த்துத் தட்டாமல், எல்.கே.ஆர். என்பதா, ஐ.என்.ஆர். என்பதா என்று எழுத்தைப் பார்க்க வேண்டும். ஐ.என்.ஆர். நம் ரூபாய், எல்.கே.ஆர். அவர்கள் ரூபாய், தட்ட வேண்டியது எல்.கே.ஆர். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யு.பி.ஐ.யும் ஏற்கப்படுகிறது என்பதால் சிறிய செலவுக்கு அதையும் பார்க்கலாம். வெளிநாட்டு யு.பி.ஐ. வசதியை நம் செயலியில் தனியாகத் திறந்திருக்க வேண்டும்.

கார்டும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்து, வரம்பும் வைக்க வேண்டும். வெள்ளிமலைக்குப் போகும் வழியில் செல்போன் சிக்னல் எப்படியோ, நடுக்கடலில் அதைவிட மோசம். ஆகவே இதை ஊரிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். திரும்பியவுடன் மூடிவிடலாம்.

கரையில் உள்ள ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போதும் இதே கேள்வி வரும். அங்கே வாசகம் கொஞ்சம் பயமுறுத்தும்படி இருக்கும். "மாற்று விலையை ஏற்கிறேன்", "மறுக்கிறேன்" என்று இரண்டு பொத்தான்கள். மறுத்தால் பணமே வராதோ என்று பலர் ஏற்றுவிடுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். மாற்றும் வேலை மட்டும் நம் கார்டு கம்பெனிக்குப் போகும்.

கேட்காமலே கவுண்டர்காரர் ரூபாயைத் தட்டிவிட்டால், அங்கேயே நின்று பில்லை ரத்து செய்து மறுபடி போடச் சொல்ல வேண்டும். சீட்டில் நம் ரூபாய்த் தொகை, மாற்று விலை, அவர்கள் ஏற்றிய சதவீதம் எல்லாம் அச்சாகியிருக்கும். "எனக்குத் தேர்வு கொடுக்கப்பட்டது, நான் ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். அதன் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து வங்கியில் புகார் செய்தால் எடுபடாது. தேர்வே கொடுக்கவில்லை என்றால் சீட்டோடு வங்கியில் தகராறு பதிவு செய்ய வழி உண்டு. ஆகவே சீட்டுகளைக் கசக்கி எறியாமல், அடுத்த மாத ஸ்டேட்மெண்ட் வரும்வரை வைத்திருங்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே இதில் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியின் டிக்கெட்டையோ, கரைச் சுற்றுலாவையோ கள்ளக்குறிச்சியிலிருந்து செல்போனில் பதிவு செய்யும்போது விலை ரூபாயிலேயே காட்டும். பணம் வாங்கும் கம்பெனி வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் மேலே சொன்ன 1 சதவீதம் இங்கும் விழலாம். கடைக்குப் பில்லிங் சாப்ட்வேர், இணைய விளம்பரம் என்று வெளிநாட்டுக் கம்பெனிக்கு மாதாமாதம் கார்டில் கட்டுபவர்களும் தங்கள் ஸ்டேட்மெண்டில் அந்த வரிக்குக் கீழே தனியாக ஒரு சிறிய தொகையும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் வந்திருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளலாம்.