உஷார்! தெறித்த பல்லுக்கு அரை மணி நேரம்தான் கெடு

தோட்டத்துத் திடலில் பந்து சூடுபிடிக்கும் சாயங்கால வேளையில் அரசாங்கப் பல் கிளினிக் பூட்டிக் கிடக்கும். எனக்குப் பயமே அதுதான். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஜெராம் என எங்கே ஆடினாலும் நிலைமை ஒன்றே. தலையோடு தலை மோதியோ ஹாக்கி மட்டை பட்டோ ஒரு பிள்ளையின் முன்பல் வேரோடு தெறித்தால், கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ ஓட வேண்டும். அந்த ஓட்டத்திலேயே பல் செத்துவிடும்.

பல்லின் வேரை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. பல்லை எலும்போடு பிடித்து வைப்பது அதுதான். வெளியே காய்ந்து கிடந்தால் 30 நிமிடத்தில் அதன் உயிரணுக்கள் பெரும்பாலும் மடிந்துவிடும். ஆகவே முதல் வைத்தியம் ஆஸ்பத்திரியில் இல்லை, திடலில்தான்.

பல்லை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் போடாதீர்கள். டெட்டால் ஊற்றிக் கழுவாதீர்கள். மண் போகட்டும் என்று வேரைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தச் சவ்வு கையோடு வந்துவிடும். வெள்ளையான மேல்பாகத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். அழுக்கிருந்தால் பாலில் ஒரு தடவை அலசி, வந்த குழியிலேயே நேராகச் செருகி, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள். கை நடுங்கத்தான் செய்யும். ஆனாலும் செய்யுங்கள்.

முடியவில்லையா? கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பெட்டிப் பால் வாங்கிப் பல்லை அதில் முக்குங்கள். டீ கலக்கும் டின் பால் வேண்டாம், மைலோவும் வேண்டாம். பாலே கிடைக்காவிட்டால் அடிபட்டவரையே ஒரு கோப்பையில் எச்சில் துப்பச் சொல்லி, பல்லை அதில் போடுங்கள். தண்ணீரில் ஊறப்போடுவது கடைசி வழி. பிறகு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு விரையுங்கள், டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ வாயில் எதையும் வைக்காமல் 999-ஐ அழையுங்கள்.

பால் பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, அடியில் வளரும் நிலைப்பல் கெட்டுவிடும். ஏழெட்டு வயதில் மேல் முன்பல் நிலைப்பல்லாக மாறிவிடுகிறது. அதைப் பால் பல் என்று நினைத்துக் கூரைமேல் வீசிவிடாதீர்கள்!

பெரிய ஆட்டக்காரர்களும் தப்புவதில்லை. 2022 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் உயரே வந்த பந்தைப் பிடிக்கப்போன இலங்கைக் கிரிக்கெட் வீரர் சாமிக கருணாரத்னவுக்கு நான்கு பற்கள் போயின. கேட்சை அவர் விடவில்லை. அவருக்கு மைதானத்திலேயே மருத்துவக் குழு இருந்தது. நம் திடலில் யார் இருக்கிறார்கள்?

டெக்வாண்டோ போட்டியில் வாய்க்கவசம் இல்லாமல் களமிறங்க விடமாட்டார்கள். நம் கபடியிலும் பந்திலும் அதை யாரும் கேட்பதில்லை. விளையாட்டுக் கடையில் வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதித்துக்கொள்ளும் கவசம் கிடைக்கும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வது இன்னும் நன்றாகப் பொருந்தும். மோட்டார்சைக்கிள் கூடையில் வெயிலில் போட்டால் வளைந்துவிடும். பிள்ளைக்குப் பல் முளைக்க முளைக்க மாற்றவும் வேண்டும்.

கவசம் இல்லாமல் தெறித்து, திரும்பச் செருகிய பல்லை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பற்களோடு கம்பியால் சுமார் இரண்டு வாரம் கட்டி வைப்பார்கள். வேர் முழுதாக வளர்ந்த பல்லென்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்கவேண்டும். வலி இல்லையே என்று அந்தத் தேதியைத் தவறவிட்டால், வேர் சத்தமில்லாமல் கரையத் தொடங்கும். பல் ஆடும்போதுதான் வீட்டில் தெரியவரும்.