வீடியோ போய்ச் சேர்ந்ததா?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் 1991-இல் காபி எந்திரத்தின் எதிரே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். தூரத்து அறைகளில் இருந்தவர்கள், வீணாக நடந்து வராமல், பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று தங்கள் கணினித் திரையிலேயே பார்த்துக்கொண்டார்கள். 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட சிறிய கறுப்பு வெள்ளைப் படம்தான். 1993-இல் அது இணையத்துக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 2001-இல் கேமராவை நிறுத்திவிட்டார்கள்.

அதே கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெரி பை என்ற சிறு கணினி 2012-இல் விற்பனைக்கு வந்தது. அதன் குட்டி வடிவமான பை ஜீரோ டபிள்யூ 2017-இல் வந்தது. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், உள்ளேயே வைஃபை. ஒரு கேமராவைச் செருகினால் நொடிக்கு 30 பிரேம் வீதம் முழு ஹெச்டி வீடியோ எடுக்கும். தோப்பு மோட்டார் கொட்டகை, பறவைக் கூடு, கடை வாசல் என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் கருவி திருடு போனாலோ மழையில் கெட்டாலோ பதிவும் அதோடு போய்விடும். அதனால் பதிவான வீடியோவை உடனுக்குடன் தொலைவில் இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும்.

அனுப்ப வேண்டியது எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். 1920-க்கு 1080 என்றால் ஒரு பிரேமில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒன்றரை பைட் என்று வைத்தால், 30 பிரேமுக்கு நொடிக்கு 93 மெகாபைட். இதை அப்படியே அனுப்பப் பெரும்பாலான வீட்டு இணைப்புகள் தாங்காது. 2003-இல் வெளியான ஹெச்.264 என்ற சுருக்கும் முறை இங்கே கைகொடுக்கிறது. ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பிரேம்களில் மாறியது என்ன என்பதை மட்டும் எழுதிவைக்கும். நொடிக்கு 4 மெகாபிட் கொடுத்தாலே பார்க்கும்படியான வீடியோ கிடைத்துவிடும். அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி, ஒரு நாளைக்கு 43 ஜிபி. கிராமத்துக் கொட்டகையில் மொபைல் இணைப்பின் அப்லோடு வேகம் 2 மெகாபிட்தான் என்றால், ஒரு மணி நேரப் பதிவை அனுப்ப இரண்டு மணி நேரம் ஆகும். பாக்கி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். எனவே அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்வது நல்லது. கடைசிச் சில நொடிகளை நினைவகத்தில் சுழற்சியாக வைத்துக்கொண்டே இருந்தால், ஆள் நுழைவதற்கு முந்தைய கணமும் பதிவில் சேரும்.

இனி கரண்ட். எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணை உண்டு. வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகே அது எழுதப்படும். ஒரு மணி நேரப் பதிவில் 59-ஆவது நிமிடத்தில் கரண்ட் போனால் காட்சிகள் எல்லாம் கருவியின் மெமரி கார்டில் இருக்கும், ஆனால் பிளேயர் அந்தக் கோப்பைத் திறக்காது. பார்க்க வேண்டிய சம்பவம் நடப்பது பெரும்பாலும் கரண்ட் போகும் நேரத்தில்தான்! இதற்கு எளிய வழி, ஒரு நிமிடத்துக்கு ஒரு கோப்பாக வெட்டிவிடுவது. அல்லது எம்பெக் டிஎஸ் வடிவில் எழுதலாம். 188 பைட் துண்டுகளாகப் போவதால், பாதியில் நின்றாலும் அதுவரை எழுதியது ஓடும். பதிவாகிக்கொண்டிருக்கும் கோப்புக்குத் தற்காலிகப் பெயர் கொடுத்து, முடிந்ததும் உண்மைப் பெயருக்கு மாற்ற வேண்டும். அனுப்பும் நிரல் உண்மைப் பெயர் கொண்டதை மட்டும் தொட வேண்டும்.

அனுப்பும்போது இணைப்பு அறுந்தால்? முதலிலிருந்து தொடங்கக் கூடாது. 'என் கோப்பில் எத்தனை பைட் வரை வந்திருக்கிறது?' என்று கருவி கேட்க, சர்வர் சொல்லும் இடத்திலிருந்து தொடர வேண்டும். டஸ் என்ற திறந்த நெறிமுறை இதற்கென்றே இருக்கிறது. 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கரஸும் தந்த ஆர்சிங்க் நிரலையும் இப்படி அமைக்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அனுப்புவதில் இல்லை, கார்டிலிருந்து அழிப்பதில் இருக்கிறது. கருவி கடைசி பைட்டையும் தள்ளிவிட்டது என்பதற்காக வீடியோ பத்திரமாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டைபோல சர்வரிடமிருந்து பதில் வர வேண்டும். சர்வர் கோப்பை வட்டில் எழுதி முடித்து, அதன் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். கருவி தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டுமே கார்டிலிருந்து நீக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: கோப்பு போய்ச் சேர்ந்து, அந்தப் பதில் மட்டும் வழியில் தொலைந்துபோகலாம். கருவி மறுபடி அனுப்பும். அதே பெயர், அதே கைரேகை என்றால் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்ல சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே காட்சிக்கு இரண்டு பிரதி சேரும். நாள்கணக்கில் இணைப்பே இல்லாமல் கார்டு நிறைந்துவிட்டால் பழையதை அழிப்பதா, பதிவை நிறுத்துவதா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். காவலுக்கு வைத்த கேமரா என்றால் பழையதை அழிப்பதே சரி என்பேன்.

கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். பை ஜீரோவில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் கிடைக்கும்வரை அதன் நேரம் தப்பாக இருக்கலாம், கோப்பின் பெயரில் உள்ள தேதியும் அதனால் தப்பாகும். சில ரூபாய் கூடுதலானாலும் தனிக் கடிகாரச் சில்லு ஒன்றை இணைப்பது நல்லது.

அடுத்தது பாதுகாப்பு. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமரா போன்ற கருவிகளை லட்சக்கணக்கில் கைப்பற்றி, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. அதனால் வெளியிலிருந்து யாரும் கருவிக்குள் நுழைய வழி திறக்காதீர்கள். கருவிதான் சர்வரைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி கொடுங்கள், அந்தச் சாவிக்குக் கோப்பைச் சேர்க்கும் உரிமை மட்டும் போதும்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். பதிவு ஓடும்போது மின்சார வயரைப் பிடுங்குங்கள். கோப்பு பாதி போகும்போது ரூட்டரை அணையுங்கள். இரண்டையும் திரும்பக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து சர்வரில் உள்ள கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் மட்டும் கேமராவைக் கொட்டகையில் மாட்டுங்கள்.