முதல் வகுப்பைப் பார்க்காத இரண்டாம் வகுப்பு

கொங்கு வகுப்பறைகள் – 14

ஒன்றாம் வகுப்பு ஆசிரியையின் வேலையில் பாதி, பிள்ளையின் விரல்களைப் பார்ப்பது. 'அ' எழுதும்போது சுழியில் தொடங்குகிறானா, கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி வருகிறானா, பென்சிலை விரலால் பிடிக்கிறானா, முஷ்டியால் பிடிக்கிறானா என்பதை நின்ற இடத்திலிருந்தே கண்டுகொள்வார். குனிந்து கையைப் பிடித்து இரண்டு தடவை சுழித்துக் காட்டினால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது எழுதி முடித்த பக்கத்தின் படம் மட்டும்தான். அது பிள்ளை எழுதியதா, அக்கா எழுதிக் கொடுத்ததா என்பதுகூட ஆசிரியைக்குத் தெரியாது.

2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. மழலையர் பள்ளிகளுக்கு 2022 பிப்ரவரி 16 வரை ஆயிற்று. அந்த நாட்களில் நம் கவலையெல்லாம் பத்தாம் வகுப்புத் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும். 2020 ஜூனில் ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேச்சு குறைவு. அந்தப் பிள்ளை வகுப்பறைத் தரையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது, பதிவேட்டில் இரண்டாம் வகுப்பு.

நம் தொடக்கப் பள்ளிகளில் சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின் அடையாளம் அது. அட்டைகள், மணிகள், குச்சிகள், பாயில் வட்டமாக உட்காரும் சிறு குழுக்கள் என்று தொட்டும் எடுத்தும் அடுக்கியும் கற்கிற முறை. பல ஆண்டுகள் அப்படிப் பழகிய ஆசிரியைகளின் கையில் ஒரு போனை மட்டும் மிச்சம் வைத்தது தொற்று.

அந்தப் போன் யாருடையது என்பது அடுத்த கேள்வி. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர், அவர்களில் பலருடைய வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். "போனு அவங்கப்பாகிட்ட இருக்குதுங்க மிஸ், ஷிப்ட் முடிஞ்சு ஒம்பது மணிக்குத்தான் வருவாருங்க" என்ற மாதிரிப் பதிலைக் கேட்காத ஆசிரியை இந்தப் பக்கம் அரிது. ஒன்பது மணிக்கு ஆறு வயதுப் பிள்ளை தூங்கிப் போயிருக்கும். வால்பாறை எஸ்டேட் லயன்களிலும் சத்தியமங்கலம் மலைக் கிராமங்களிலும் போன் இருந்த வீட்டிலும் டவர் எடுக்காது.

தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்தக் காலத்தில் உண்மையாகவே உழைத்தது. வாளையாறு தாண்டி கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கின. வடகரைப் பக்கத்து ஆசிரியை சாய் ஸ்வேதா ஒன்றாம் வகுப்புக்குச் சொன்ன பூனைக் கதையை ஊரே பார்த்தது. எனக்கும் அது பிடித்தது. ஆனால் தொலைக்காட்சிக்குக் காது கிடையாது. 'பழம்' என்று சொல்லச் சொன்னால் பிள்ளை 'பளம்' என்று சொல்லும். அதைக் கேட்டு, நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்ட ஓர் ஆள் வேண்டும். போனிலோ ல, ள, ழ மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். எல்லோரும் சேர்ந்து பாட்டுச் சொல்லலாம் என்றால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நொடிக்கு வந்து சேரும்.

திருப்பூரிலும் கோவையிலும் ஒடியாவோ இந்தியோ பேசும் வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அவர்கள் தமிழ் கற்பது பாடத்தால் மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையோடு சண்டை போட்டும் கூடி விளையாடியும்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளை இல்லாமல் போனது. ஆசிரியை தமிழில் அனுப்பிய செய்தியைப் படிக்க வீட்டில் ஆளும் இல்லை.

தனியார் நர்சரிப் பள்ளி மிஸ்களின் கதை வேறு. முதல் தவணையாகக் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதம் வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் சொன்னது. அதையும் கட்ட முடியாத பெற்றோர் பலர்; சம்பளம் பாதியானது, பலருக்கு நின்றே போனது. மழலையர் வகுப்புக்குத் திரை நேரம் நாளுக்கு அரை மணியைத் தாண்டக் கூடாது, அதுவும் பெற்றோருக்கு வழிகாட்டத்தான் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. சரியான அறிவுரை. ஆனால் அந்த அரை மணிக்கு வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, பெற்றோரின் கேள்விகளுக்கு இரவெல்லாம் பதில் சொன்ன உழைப்பு யார் கணக்கிலும் வரவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரிசி, பருப்பு, முட்டையோடு வீடு வீடாகப் போனார்கள். பல பிள்ளைகளை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர்கள்தான்.

இழப்பு எவ்வளவு? பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் 2021 டிசம்பரில் சோதித்தபோது, தொற்றுக்கு முன் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிட மொழியிலும் கணக்கிலும் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் இன்னும் அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. தெருத் திண்ணையில் மாலை நேரத்தில் பாடம் சொன்ன தன்னார்வலர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை. மீதி மூன்றில் ஒரு பங்குதான் என் கவலை.

2021 தீபாவளி கழித்துப் பிள்ளைகள் வந்தபோது ஆசிரியைகளின் வாயை முகக்கவசம் மூடியிருந்தது. 'ழ' சொல்லும் நாக்கு அப்போதும் தெரியவில்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பின் பெயரைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. செய்ய வேண்டியதைச் செய்த திட்டம். ஆனால் நான் சொல்லும் பிள்ளைகள் அதற்குள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

அவர்கள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். பலருக்குப் பள்ளி புதிது, ஆசிரியர் புதிது. வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டும் முன், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டைப் பதிவேட்டில் ஒரு தடவை பாருங்கள் என்று ஆறாம் வகுப்பு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)