கொங்சியும் பாகியும்

திருவிழாக் காலம் நெருங்கியதும் ஆலய மடைப்பள்ளியிலும் தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு சொற்கள் அடிக்கடி காதில் விழும். ஒன்று கொங்சி, மற்றொன்று பாகி. இரண்டும் மலாய் வழியே நம் பேச்சில் புகுந்தவை. தமிழாசிரியர்கள் இவற்றை ஏட்டில் ஏற்கத் தயங்குவர்; தயங்குவதில் நியாயமும் உண்டு. ஆயினும் பக்தப் பெருமக்கள் இவற்றைக் கையாளும் முறை நோக்கத்தக்கது.

"வாடகை வேனைக் கொங்சி போடுவோம்" என்றால், பல குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு வண்டி அமர்த்திப் பத்துமலைக்குச் செல்வது என்று பொருள். "பழத்தைப் பாகி பண்ணு" என்றால், இருப்பதை அனைவருக்கும் பிரித்துக் கொடு என்று பொருள். முன்னது சேர்ப்பது, பின்னது பிரிப்பது. அன்னதானம் ஒன்றில் இரண்டும் நிகழ்கின்றன. அரிசியும் பருப்பும் கொங்சியாக வந்து சேர, உணவு பாகியாக இலையில் விழுகிறது. பங்கு என்ற ஒரே சொல்லால் நாம் இவ்விரண்டையும் குறித்துவிடுகிறோம்.

பாகி என்பது "பஹாகி" என்னும் மலாய்ச் சொல்லின் பேச்சு வடிவம். அது வடமொழி வழிவந்தது. நாம் வழங்கும் பாகம் என்னும் சொல்லுக்கு உறவினன். கொங்சியோ சீனச் சொல். பொதுவில் நிர்வகிப்பது என்பது அதன் மூலப்பொருள். பினாங்கில் உள்ள கூ கொங்சி, ஒரே குலத்தார் சேர்ந்து எழுப்பிய இல்லமும் கோயிலுமாகும். இன்றுள்ள கட்டடம் 1906-இல் நிறைவுற்றது. இன்றைய சீன மொழியில் இதே சொல் வணிக நிறுவனத்தைக் குறிக்கும். மலாயில் "கெலாப்" என்ற அடைமொழி சேர்ந்தால் இரகசியக் கும்பலாகிவிடும்! சொல்லுக்கும் சேர்க்கை முக்கியம் போலும். சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த 1996 முதல் 1998 வரையிலான ஆண்டுகளில் "கொங்சி ராயா" என்ற வாழ்த்து நாடெங்கும் ஒலித்தது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் தீபாவளிக்கும் அப்பேறு கிட்டி, "தீபராயா" பிறந்தது.

சொல் புதிதாயினும் செயல் நமக்குப் புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் பல, பால்மரத் தொழிலாளர்கள் மாதச் சம்பளத்தில் சிறு தொகை ஒதுக்கி வளர்த்தவையே. கோபுரம் கொங்சி, திருவிழா கொங்சி, தேருக்கு வடமும் கொங்சி. நிலம் மட்டும் கொங்சியில் சேரவில்லை. அது தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் கைமாறியபோது, தாம் எழுப்பிய கோயிலுக்கே இடம் கேட்டு நிற்கும் நிலை பலருக்கு நேர்ந்தது.

இதனை முன்னுணர்ந்து செயற்பட்டவர் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள். 1960-இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், 100 வெள்ளிப் பங்கைத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தினர். அத்தொகையால் முதலில் வாங்கப்பட்டது கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம். நிலத்தையும் சேர்த்துப் போட்ட கொங்சி அது.

இன்று ஓர் உபயத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஏற்கும்போதும், "இந்த ஆண்டு எங்களுக்குக் கொங்சி உபயம்" என்று பெருமையுடன் கூறுகின்றனர். அழைப்பிதழில் மட்டும் "உபயதாரர்கள்" என்றே அச்சிடுகிறோம்.